யன்னலைச் சாத்துவதற்கு முன்

நோர்வேஜியர் உயிர்த்த ஞாயிறு விடுமுறையைக் கழிக்கும் விதம் வெப்பநாட்டில் பிறந்த நமக்கு எளிதில் விளங்குவதன்று. வசந்தம் பிறந்துவிட்டதென்று நாட்காட்டி சொல்லும் வேளையில் அவர்கள் எஞ்சியிருக்கும் பனியைத் தேடி மலையேறுகின்றனர். ஒஸ்லோவுக்கும் பேர்கனுக்கும் இடையே, ஏறத்தாழ 800 மீற்றர் உயரத்தில் உள்ள யெய்லோ போன்ற ஊர்களில் கரவன்களும் மோட்டர்ஹோம்களும் பனிக்குள் நின்றுகொண்டிருக்கும். அங்கு வளர்ந்த நமது பிள்ளைகளும் இப்போது அவ்வழியே செல்கின்றனர். பெற்றோரையும் உடன் அழைத்துச் செல்கின்றனர். என் கவலை இங்குதான் தொடங்குகிறது.

குளிர் என்றதும் துவாரங்களையெல்லாம் அடைப்பது நம்மவர் இயல்பு. உறவினர் ஒருவர் கரவனின் கூரைத் துவாரத்தில் துவாயைச் செருகிவிட்டு உறங்கினாராம். விடிந்தபோது மெத்தையின் அடிப்புறம் நனைந்து கிடந்தது. கூரை ஒழுகுகிறதென்று வாடகைக்குக் கொடுத்தவருடன் வழக்காடினார். ஒழுகியது கூரையன்று, அவருடைய குடும்பத்தின் மூச்சு. நால்வர் ஓர் இரவு உறங்கினால் மூச்சாலும் வியர்வையாலும் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் காற்றில் கலக்கிறது. வெளியேற வழியில்லாத அந்த ஈரம் குளிர்ந்த கண்ணாடியிலும் மெத்தைக்கு அடியிலும் போய்ப் படிகிறது. ஈரமான படுக்கையில் எத்துணைக் கம்பளி போர்த்தாலும் உடல் சூடேறாது. ஆதலால் கூரைத் துவாரத்தைச் சிறிதேனும் திறந்து வைத்து, வெப்பமூட்டியை இரவு முழுவதும் தாழ்ந்த நிலையில் இயங்க விடுவதே தக்கது. மோட்டர்ஹோமில் மிகுதியான வெப்பம் கசிவது சாரதி ஆசனப் பகுதியின் பெரிய கண்ணாடிகளால். அவற்றுக்கு வெளிப்புறமாகப் போர்வை கட்டுவது நன்று. உள்ளே திரை இட்டால், திரைக்கும் கண்ணாடிக்கும் இடையே நீர் சேரும்.

எரிவாயுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையில் சமையல் எரிவாயு விபத்துகள் தொடர்ந்தபோது புரொப்பேன், பியூட்டேன் என்னும் சொற்கள் நம் அடுக்களைகளுக்குள்ளும் புகுந்தன. நமது வெப்பத்தில் பியூட்டேன் மிகுந்த கலவை நன்றாகவே எரியும். பனிநாட்டிலோ நிலைமை வேறு. வெப்பநிலை பூச்சியப் பாகையை அண்மித்ததும் பியூட்டேன் ஆவியாக மறுத்துத் திரவமாகவே தங்கிவிடும்; புரொப்பேன் பூச்சியத்துக்குக் கீழ் 42 பாகை வரை ஆவியாகும். சிலிண்டரில் வாயு இருந்தும் அடுப்பு அணைந்துவிட்டதென்று நள்ளிரவில் திகைப்போர் பலர் கோடைகாலக் கலவையைக் கொண்டு சென்றவர்கள். 6 கிலோவாற்று வெப்பமூட்டி முழு வேகத்தில் எரிந்தால் 11 கிலோ சிலிண்டர் ஒரு நாளைக்குக்கூடத் தாங்காது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

விளம்பரங்களில் வரும் 'நான்கு பருவத்துக்கும் உகந்தது' என்ற தொடரை நான் நம்புவதில்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஐரோப்பிய நியமத்தின் மூன்றாம் தரத்தைச் சேர்ந்ததா? வெளியே பூச்சியத்துக்குக் கீழ் 15 பாகையாக இருக்கும்போதும் உள்ளே 20 பாகையை எட்ட வேண்டும், நீர்த்தொகுதியும் உறையாது இயங்க வேண்டும் என்பதே அத்தரத்தின் பொருள். சுவர் ஓரமாகச் சூடான திரவத்தை ஓடவிடும் சுவீடன் நாட்டு ஆல்டே முறையைக் குளிர்நாட்டார் விரும்புவதற்கும் காரணம் உண்டு. யன்னலுக்குக் கீழிருந்து எழும் வெப்பம், ஈரம் படியும் இடத்தையே முதலில் உலர்த்துகிறது.

இவையெல்லாம் வசதி பற்றியவை. உயிர் பற்றியது வேறு. சமையல் அடுப்பை மூட்டி அறையைச் சூடாக்குவோரும், இறைச்சி வாட்டிய கரியடுப்பு அணையும் முன்னரே உள்ளே தூக்கி வைப்போரும் இன்றும் இருக்கின்றனர். கரி தணலாக மங்கும்போதுதான் காபனோரொட்சைட்டு மிகுகிறது. நிறமில்லை; மணமில்லை. குருதியின் ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேற்பட்ட நாட்டத்துடன் அது பிணைகிறது. முதலில் தலையிடி, பின்பு குமட்டல். தடிமன் காய்ச்சல் என்று எண்ணிப் படுத்தவர் எழுவதில்லை. வெளிக்காற்றை எடுத்து வெளியிலேயே புகைவிடும் முறையான வெப்பமூட்டியும், அதன் புகைவாயைப் பனி மூடிவிட்டால் ஆபத்தானதே. இரவு பனி பொழிந்தால் காலையில் முதற்பணி மண்வாரியை எடுத்து அவ்விடத்தைத் துப்புரவாக்குவது. கோப்பி பிறகு.

குளிர்காலத்தில் கரவன் வாடகைக்கு விடுவோர் கோப்பைகளையும் படுக்கை விரிப்புகளையும் எண்ணிக் கையொப்பம் வாங்குகின்றனர். காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி இயங்குவதைக் காட்டி அதற்கும் கையொப்பம் வாங்க வேண்டும் என்று எல்லா நாடுகளிலும் சட்டம் இருத்தல் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வாகனத்தின் விலையோடு ஒப்பிட்டால் அக்கருவியின் விலை ஒரு பொருட்டன்று. இன்னுமொரு சட்டமா என்று முகஞ்சுளிப்போர் உண்டு. ஆனால் ஆசனப்பட்டிக்கும் இதே முகஞ்சுளிப்பு இருந்தது.

சட்டம் வரும்வரை, பிள்ளைகள் மலைக்கு அழைத்தால் பெற்றோர் தாமே ஒரு கருவியை வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளலாம். இடைக்கிடை 'கீச்' என்று ஒலித்து உறக்கத்தைக் கெடுக்கிறதென்று அதன் மின்கலத்தைக் கழற்றி வைக்க வேண்டாம். அவ்வொலி பெரும்பாலும் மின்கலம் தீர்ந்துவருவதைச் சொல்வது. மாற்று மின்கலம் இரண்டையும் அதே பையில் போட்டுக்கொள்ளுங்கள்.