கொடுக்க முடியாத பாட்டு

சரிகம நிறுவனம் 2017-ல் ‘கார்வான்’ என்றொரு பாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தது. பழைய ரேடியோவின் தோற்றம், உள்ளே ஏற்றிவைத்த 5,000 பாடல்கள், ஏறத்தாழ 6,000 ரூபாய் விலை. இந்தியில் தொடங்கிய பெட்டிக்குத் தமிழ்ப் பதிப்பும் வந்தது. பெட்டி முதலில் வந்தபோது ஜியோ சேவை தொடங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. மொபைல் டேட்டா மலிந்துவிட்டது. பெட்டியில் இருந்த பாடல்களில் பெரும்பாலானவற்றை யூடியூபில் காசில்லாமலே கேட்கலாம். அப்படியிருந்தும் பெட்டி லட்சக்கணக்கில் விற்றது. பிள்ளைகள் பெற்றோருக்கு வாங்கிக் கொடுத்தார்கள். விளம்பரங்களும் அதைச் சொல்லித்தான் விற்றன. பெரியவர்களுக்குச் செல்போனில் பாட்டுத் தேடிக் கேட்கும் பழக்கம் இல்லாததுதான் காரணம் என்று பலர் விளக்கினார்கள். அது பாதி உண்மை. கேட்பவரின் வசதியை மட்டும் பார்க்கும் அந்த விளக்கம், வாங்கிக் கொடுத்தவரைப் பார்க்கவில்லை. பாட்டைப் பரிசாகக் கொடுக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. அதற்குச் சந்தையில் கிடைத்த ஒரே உருப்படியான பொருள் அந்தப் பெட்டி.

இசையைக் கேட்கும் வழிகள் கடந்த இருபது ஆண்டுகளில் பெருகியது உண்மை. அதே இருபது ஆண்டுகளில் இசையைக் கொடுக்கும் வழி அடைபட்டுப் போனதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. தொழில்நுட்பம் வளரும்போது இப்படி ஆவது இயல்புதானே என்று நினைக்கிறோம். அது இயல்பு அல்ல. நிறுவனங்கள் எழுதிக்கொண்ட விற்பனை நிபந்தனைகளும் நீதிமன்றங்கள் சட்டத்துக்குச் சொன்ன பொருளும் சேர்ந்து உண்டாக்கிய நிலை அது. மனிதர்கள் உண்டாக்கியதை மனிதர்களால் மாற்ற முடியும், மாற்றவும் வேண்டும் என்பதே என் வாதம்.

கேசட் காலத்தில் தமிழ்நாட்டின் சிற்றூர்களில்கூட ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் 60 நிமிட அல்லது 90 நிமிடக் கேசட்டில் பதிந்து தருவார்கள். பட்டியல் எழுதுவதே பெரிய வேலை. எந்தப் பாட்டில் தொடங்குவது, ‘பி’ பக்கத்தின் முதல் பாட்டு எது, கடைசியில் மிஞ்சும் மூன்று நிமிடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்றெல்லாம் யோசிக்க வேண்டும். அப்படிப் பதிந்த கேசட்டைத்தான் நண்பனுக்கும் காதலிக்கும், ஊரைவிட்டுப் போகிறவருக்கும் கொடுத்தார்கள். அந்தப் பதிவுகளில் பெரும்பாலானவை உரிமம் இல்லாதவை; இசையமைப்பாளருக்கோ பாடகருக்கோ பாட்டெழுதியவருக்கோ அதிலிருந்து ஒரு காசும் போகவில்லை. இதை மறைத்துவிட்டு அந்தக் காலத்தைக் கொண்டாடுவது நேர்மையாகாது. ஆனால் அங்கே வெளிப்பட்ட தேவை உண்மையானது: இந்தப் பாட்டை இந்த மனிதர் கேட்க வேண்டும் என்று ஒருவர் தேர்ந்தெடுத்து, அதைத் தன் கையால் கொடுப்பது. கார்வான் பெட்டி அந்தத் தேவையில் ஒரு பகுதியைத்தான் நிறைவேற்றியது. அதில் பாட்டைத் தேர்ந்தெடுத்தது நிறுவனம். கொடுத்தவர் தேர்ந்தெடுத்தது பெட்டியின் நிறத்தை மட்டுமே.

இப்போதும் பாட்டு அனுப்புகிறோமே, வாட்ஸ்அப்பில் ஒரு இணைப்பு போதாதா, பிளேலிஸ்ட் போட்டுத் தருவது கேசட் பதிந்து கொடுப்பதற்கு ஈடில்லையா என்று கேட்கலாம். தேர்ந்தெடுக்கும் அக்கறையில் பிளேலிஸ்ட் கேசட்டுக்குக் குறைந்ததல்ல, அதை ஏற்கிறேன். ஆனால் கேசட் வாங்கியவருடைய அலமாரியில் தங்கியது. பிளேலிஸ்ட் மூன்றாவது ஒருவரின் கட்டடத்தில் இருக்கிறது, அவர் கதவைச் சாத்தும்வரைதான் இருக்கிறது. 2023 மார்ச்சில் ஸ்பாட்டிஃபை செயலிக்கும் ஜீ மியூசிக் நிறுவனத்துக்கும் உரிம ஒப்பந்தம் முறிந்தபோது, ஜீயின் பாடல்கள் ஸ்பாட்டிஃபையில் ஒரே நாளில் கேட்க முடியாமல் போயின. யாரோ யாருக்கோ தொகுத்துக் கொடுத்த பட்டியல்களில் ஓட்டைகள் விழுந்தன. ரெஸ்ஸோ என்ற பாட்டுச் செயலி 2024 ஜனவரியோடு இந்தியாவைவிட்டுப் போனது. அதே ஆண்டில் ஏர்டெல் தன் விங்க் மியூசிக் சேவையை மூடியது. கானா செயலி 2022-ல் இலவசச் சேவையை நிறுத்திக் கட்டணம் செலுத்துவோருக்கு மட்டும் என்றானது. பாட்டை விலைக்கு விற்ற கடையும் நம் நாட்டில் இருந்தது. ஃபிளிப்கார்ட் 2012 பிப்ரவரியில் ‘ஃப்ளைட்’ என்ற எம்பி3 கடையைத் திறந்து, ஒரு பாட்டை 6 ரூபாயிலிருந்து விற்றது. மறு ஆண்டு ஜூன் மாதமே மூடிவிட்டது. ஆனால் அங்கே வாங்கித் தரவிறக்கிக்கொண்டவர்களிடம் கோப்பு இன்றும் இருக்கும், அவர்கள் அதைப் பத்திரப்படுத்தியிருந்தால். கடை மூடினாலும் வாங்கிய பொருள் நம்மிடமே இருக்கிறது என்ற இந்த ஒரு வேறுபாட்டில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

இந்த வேறுபாட்டைச் சட்டம் ஒருகாலத்தில் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் ஒரு பதிப்பகம் தன் நாவலின் உள்பக்கத்தில், ஒரு டாலருக்குக் குறைத்து விற்றால் பதிப்புரிமை மீறல் என்று அச்சிட்டிருந்தது. மேசிஸ் கடை அதை 89 சென்டுக்கு விற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. முதல் விற்பனையோடு அந்தப் பிரதியின் மீது பதிப்பகத்தின் பிடி முடிந்துவிடுகிறது என்று 1908-ல் தீர்ப்பு வந்தது. பழைய புத்தகக் கடை, இரவல் நூலகம், புத்தகப் பரிசு எல்லாம் நிற்பது இந்தத் தத்துவத்தின் மேல்தான். ஆனால் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, ஐட்யூன்ஸ் இணையக் கடையில் வாங்கிய பாட்டை இன்னொருவருக்கு விற்க வழிசெய்த ‘ரீடிஜி’ நிறுவனத்தின் மீது கேபிடல் ரெக்கார்ட்ஸ் வழக்குத் தொடுத்தபோது, 2013-ல் கீழ் நீதிமன்றமும் 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த மறுவிற்பனை செல்லாது என்றன. விற்றவரின் கணினியிலிருந்து பாட்டை அழித்துவிடுவதாக ரீடிஜி சொன்னது எடுபடவில்லை. கோப்பு இடம் மாறும்போது புதுப் பிரதி உண்டாகிறது, பிரதி எடுக்கும் உரிமை உரிமையாளருக்கே என்றது நீதிமன்றம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் தரவிறக்கிய மென்பொருளை மறுவிற்பனை செய்யலாம் என்று 2012-ல் சொல்லிவிட்டு, மின்நூலுக்கு அது பொருந்தாது என்று 2019-ல் மறுத்தது. நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 2012-ல் திருத்தப்பட்டபோது 65ஏ பிரிவு வந்தது. உரிமையை மீறும் நோக்கத்தோடு டிஜிட்டல் பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டுவரை சிறை. பூட்டுக்குக் காவல் போட்டார்கள். முறையாகக் காசு கொடுத்து வாங்கியவர் அந்தப் பாட்டைத் தன் மகளுக்கோ நண்பருக்கோ கொடுக்கலாமா என்பதற்குத் தெளிவான ஒரு பிரிவை எழுதவில்லை.

பாட்டைக் கொடுக்க முடியாவிட்டால் என்ன, சந்தாவைப் பரிசாகக் கொடுக்கலாமே என்பது நிறுவனங்கள் தரும் மாற்று வழி. பரிசு அட்டையும் விற்கிறார்கள். ஆனால் அந்தக் காசு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். சந்தாப் பணம் ஒரே குவியலாகச் சேர்ந்து, மொத்தக் கேட்பில் யாருக்கு எத்தனை பங்கு என்ற கணக்கில் பிரிகிறது. நாகசுரம் மட்டுமே கேட்கும் ஒருவருக்கு நீங்கள் சந்தா கட்டினாலும், உங்கள் காசின் பெரும்பகுதி அதிகம் கேட்கப்படும் பாடகர்களுக்கே போய்ச் சேரும். 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பதிவுத் தொகை இல்லை என்று 2024 முதல் ஸ்பாட்டிஃபை விதி வைத்திருக்கிறது. பறை, உடுக்கை, தெருக்கூத்துப் பாட்டு என்று பதிந்து ஏற்றுகிறவர்களை இந்த விதி எப்படித் தாக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு கலைஞர் மேல் உள்ள மதிப்பால் கொடுக்கும் பரிசு அந்தக் கலைஞரைச் சென்று சேராது என்றால், அதை இசைப் பரிசு என்று எப்படிச் சொல்வது?

எல்லாமே இலவசமாகக் கிடைக்கும்போது பாட்டை ஏன் பரிசாகக் கொடுக்க வேண்டும் என்ற கேள்விதான் எதிர்வாதங்களில் வலுவானது. திருக்குறள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பள்ளிப் பரிசளிப்பிலும் திருமண வீட்டிலும் அதை அச்சிட்ட நூலாகக் கொடுப்பது நின்றுவிடவில்லை. கிடைப்பது வேறு, கொடுக்கப்படுவது வேறு. பத்துக் கோடிப் பாட்டு கையில் இருப்பவருக்கு இல்லாமல் போவது, எதை முதலில் கேட்பது என்ற தீர்மானம். அதைச் செயலியின் பரிந்துரை செய்துவிடும் என்பார்கள். அந்தப் பரிந்துரை நாம் ஏற்கெனவே கேட்டதை வைத்தும், நம்மைப் போலக் கேட்கிறவர்களை வைத்தும் அடுத்ததைச் சொல்கிறது. அதில் பயன் உண்டு. பல நல்ல பாடல்களை அது காட்டியிருக்கிறது. ஆனால் இளைஞன் ஒருவனுக்கு அவன் கேட்டவை எதிலுமே தடயம் இல்லாத காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத்தை அது தானாகக் கொண்டுவந்து வைக்காது. அவனுடைய மாமாவோ ஆசிரியரோ வைப்பார். பிடிக்கிறதோ இல்லையோ, கொடுத்தவர் முகத்துக்காக அவன் இரண்டு முறையாவது பொறுமையாகக் கேட்பான். சில இசை இரண்டாம் முறையில்தான் பிடிபடும். நம்மிடம் தலைமுறைவிட்டுத் தலைமுறை இசை வந்து சேர்ந்ததில் இந்தக் கடமையுணர்வுக்குப் பெரிய பங்கு உண்டு. இலவசமாகக் கிடைக்கும் பாட்டை அரை நிமிடத்தில் தள்ளிவிடலாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கொடுக்கப்பட்ட பாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும், “கேட்டியா?” என்று ஒருவர் கேட்பார்.

கலைஞர்களின் தரப்பிலிருந்து வரும் அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கேசட்டின் இரண்டாம் பிரதி மங்கலாக இருக்கும். டிஜிட்டல் பிரதி அசலுக்கு அசல். கொடுக்கலாம் என்று திறந்துவிட்டால் ஒருவர் வாங்கி ஆயிரம் பேர் பகிர்வார்கள் என்ற கவலைக்கு அடிப்படை இருக்கிறது. பாட்டுக் கோப்புகளைப் பகிரும் நாப்ஸ்டர் 1999-ல் வந்தபோது நடந்ததும் அதுதான். நான் கேட்பது பெருக்கும் உரிமை அல்ல, கைமாற்றும் உரிமை. பாட்டு இப்போது நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. நம் கணக்கில் இருப்பது அதைக் கேட்கும் அனுமதி மட்டுமே. ஒரு கணக்கிலிருந்து அந்த அனுமதியை எடுத்து இன்னொரு கணக்கில் சேர்க்கப் புதுப் பிரதி எதுவும் தேவையில்லை. ரீடிஜி வழக்கில் தடையாக நின்ற காரணம் இங்கே எழவே எழாது. முதல் விற்பனையிலேயே பரிசாக அனுப்புவது இன்னும் எளிது. ஐட்யூன்ஸ் கடையில் ஒரு பாட்டையோ ஆல்பத்தையோ பிறருக்காக வாங்கி அனுப்பும் வசதி இருந்தது. 2008-ல் தொடங்கிய பேண்ட்கேம்ப் தளத்தில் அது இன்றும் இருக்கிறது. அங்கே டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுத்துக்கொள்வது பொதுவாக 15 சதவீதம். பணம் அனுப்பும் செலவு போக மீதி கலைஞர் தரப்புக்கு. பெறுகிறவர் பூட்டில்லாத கோப்பைத் தரவிறக்கிக்கொள்ளலாம். அந்தத் தளம் 2022-லும் 2023-லும் கைமாறியது, நாளை என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. ஆனால் இறக்கி வைத்துக்கொண்ட பாட்டு அதனோடு போகாது.

இது பழைய நாட்களுக்கான ஏக்கம் என்று ஒதுக்குபவர்களுக்கு, அமெரிக்கச் சந்தை ஒரு செய்தி சொல்கிறது. 2022-ல் அங்கே விற்ற இசைத்தட்டுகளின் எண்ணிக்கை, 1987-க்குப் பிறகு முதல்முறையாக, சிடிக்களை மிஞ்சியது. இசைத்தட்டு வாங்குவோரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் அதைப் போட்டுக் கேட்கும் கருவியே இல்லை என்று லூமினேட் என்ற ஆய்வு நிறுவனம் 2023-ல் தெரிவித்தது. கேட்பதற்கு அவர்களிடம் செல்போன் இருக்கிறது. தட்டை வாங்குவது வைத்துக்கொள்ளவும் கொடுக்கவும்தான் என்று நான் கருதுகிறேன். அதற்காக எல்லோரும் பிளாஸ்டிக் தட்டுக்கும் கேசட்டுக்கும் திரும்ப வேண்டும் என்று சொல்லவில்லை. உடைமையும் கைமாற்றமும் பொருளோடு ஒட்டிப் பிறந்தவை அல்ல; சட்டமும் ஒப்பந்தமும் தந்தால் டிஜிட்டல் பாட்டுக்கும் அவை உண்டு.

கலிபோர்னியா 2024-ல் ஒரு சட்டம் இயற்றியது. டிஜிட்டல் பொருளுக்கு உரிமம் மட்டும் கொடுத்துவிட்டு அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குங்கள்’ என்று பொத்தான் வைக்கக் கூடாது என்பது அதன் சாரம். 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. நிரந்தரமாகத் தரவிறக்கிக்கொள்ளக் கூடியவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. இந்தியாவின் நுகர்வோர் சட்டத்தில் இவ்வளவு தொடக்கமாவது வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் அடுத்த திருத்தத்தில், விலைக்கு வாங்கிய டிஜிட்டல் பாட்டை ஒருவர் தன்னிடம் பிரதி வைத்துக்கொள்ளாமல் இன்னொருவருக்குக் கொடுக்கலாம், இறப்புக்குப் பின் வாரிசுக்கு விடலாம் என்று ஒரு துணைப்பிரிவு சேர வேண்டும். அதுவரை தமிழ் இசை நிறுவனங்கள் சட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. டிசம்பர் சீசனில் கச்சேரி முடிந்து வெளியே வரும் ரசிகர், சற்றுமுன் கேட்ட வித்வானின் ஓர் ஆல்பத்தை வெளியூரில் இருக்கும் உறவினருக்கு அங்கேயே வாங்கி, யாருக்கு, யாரிடமிருந்து என்ற இரண்டு வரிகளோடு அனுப்ப ஒரு யுபிஐ குறியீடும் ஒரு தரவிறக்கப் பக்கமும் போதும். பாடியவர், பக்கவாத்தியக்காரர், சாகித்யம் இயற்றியவர் பெயர்கள் அந்தப் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு சபா இதை இந்த மார்கழியிலேயே செய்து பார்க்கலாம்.