கல்லமேட்டு விலங்குக்கு எந்தக் காடு?

நிலக்கோட்டைப் பக்கத்தில் ஒரு பள்ளிச் சுவரில் டைனோசர்களை வரைந்திருக்கிறார்கள். இருள் கவிந்த காடு, பின்னே புகையும் எரிமலை, முன்னே வாய் பிளந்த டைரனோசாரஸ். வரைந்தது தேர்ந்த கைதான். ஆயினும் அந்தக் காடு எந்த நிலத்தது என்ற கேள்வி நம்மை விடவில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள், விலங்கும் மரமும் கருப்பொருள் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். சுவரில் இருப்பதோ நிலமும் பொழுதும் அற்ற காடு.

1830இல் ஹென்றி டி லா பெச் இங்கிலாந்தில் தொல்லுயிர்க் காட்சி ஒன்றை வரைந்தார். மேரி ஆனிங் தம் ஊர்க் கடற்கரையில் கண்டெடுத்த எலும்புகளே அதற்கு ஆதாரம். நமக்கும் அத்தகைய ஆதாரம் இருந்தது. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்த யாதகிரி, அய்யாசாமி என்னும் நிலவியலாளர் இருவர், 1980களின் இறுதியில் அவ்விலங்குக்குப் புருகத்காயோசாரஸ் எனப் பெயரிட்டனர். பேருடல் பல்லி என்று பொருள். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம். முதலில் அதை ஊனுண்ணி என்றே எழுதினார்கள். 1995இல் சங்கர் சாட்டர்ஜி, அது நெடுங்கழுத்துத் தாவர உண்ணி என்றார். இடைப்பட்ட ஆண்டுகளில் யாரேனும் வரைந்திருந்தால் கோரைப்பல்லைத் தீட்டியிருப்பார்கள்! அது எலும்பே அன்று, கல்மரம் என ஐயுற்றவர்களும் உண்டு.

இன்று சரிபார்க்க வழியில்லை. அந்த எலும்புகள் மழையீரத்தில் சிதைந்துபோயின. எஞ்சியவை சில கோட்டுப்படங்களும், 2022இல் வெளியான பழைய ஒளிப்படங்களும்தான். ஆகவே இவ்விலங்கை இனி ஓவியத்தில்தான் காண முடியும். அதைப் பிறநாட்டுக் காட்டில் நிறுத்துவது தகாது என்றே கருதுகிறோம்.

இருளைத் தீட்டுவது எளிது. தெரியாதது எல்லாம் அதில் மறைந்துவிடும். கல்லமேட்டுப் படிவுகளோ ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறு கொண்டுவந்து சேர்த்தவை. அதே வட்டாரத்துப் பாறைகளில் கடல்வாழ் அம்மோனைட்டுகள் கிடைப்பதால், கடலும் தொலைவில் இல்லை. மகாராஷ்டிரத்துப் பிசுதுராவில் கிடைத்த டைனோசர் சாணப் படிமங்களில் புல்லின் சிலிக்காத் துகள்கள் இருந்ததை 2005இல் அறிவித்தார்கள். எனவே காலடியில் கொஞ்சம் புல்லும் வரையலாம். எரிமலை வேண்டுமென்றால் அது தக்காணத்தில், வெகு தூரத்தில். வெயிலடிக்கும் ஆற்றங்கரையில் அத்தனை பெரிய உடல் நின்றால் அச்சம் தானே வராதா?

அரியலூரை அடுத்த வாரணவாசியில் தொல்லுயிர்ப் படிமங்களுக்கென்றே அரசின் அருங்காட்சியகம் இருக்கிறது. அடுத்த சுவரை வரையவிருக்கும் ஓவியரை, பள்ளிச் செலவிலேயே ஒருமுறை அங்கே அனுப்பலாம். விடியலில் புறப்பட்டால் திருச்சி வழியே போய் இரவுக்குள் திரும்பிவிடலாம்.