மூன்று குண்டுகளை நம்பலாமா?

புது ரைபிள் சந்தைக்கு வந்தால், மூன்று குண்டுகள் நெருங்கிப் பாய்ந்த இலக்கு அட்டையின் படமும் கூடவே வந்துவிடுகிறது. அமெரிக்க வேட்டைக்காரர்கள் பலருக்கு அதுவே சான்று. அது போதவே போதாது.

.17 எச்.எம்.ஆர். தோட்டா ரகத்தையே பார்க்கலாம். 2002-இல் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்த இந்தத் தோட்டாவில் குண்டின் எடை பொதுவாக 17 கிரெயின், சுமார் 1.1 கிராம். வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 777 மீட்டர். ஆனாலும் மணிக்கு 16 கி.மீ. பக்கக்காற்று அடித்தால், 100 கெஜத்தில் அது மூன்று அங்குலத்துக்கு மேல் விலகிவிடும். அணிலின் தலையைக் குறிவைத்தவருக்கு அது முழுத் தோல்வி. அணிலுக்கோ வயிற்றில் காயம், மெல்லச் சாவு.

காற்றின் விலகலோடு துப்பாக்கியின் சொந்தச் சிதறலும் சேர்கிறது; அதை அட்டை சொல்லாது, ஏனெனில் மூன்று குண்டுகள் தற்செயலாகவும் ஒன்றுகூடும். பத்து சுட்டால்தான் சிதறலின் உண்மையான அகலம் தெரியும். மணல் மூட்டையில் துப்பாக்கியைப் பதித்து, ஒரே தொகுதித் தோட்டாக்களால், காற்று அடங்கிய வேளையில் சுட வேண்டும்.

ஆறிய குழலிலிருந்து பாயும் முதல் குண்டைத் தனியாகக் குறிப்பது இன்னும் முக்கியம். காட்டில் பெரும்பாலும் கிடைப்பது அந்த ஒரு வாய்ப்புதான். அட்டைப் படம் வெளியிடும் நிறுவனங்கள் அந்த முதல் குண்டையும் சேர்த்துப் பத்தையும் காட்டட்டும்.