மாமாவோட அம்பாசடரும் 'ஒரிஜினல்' என்கிற வார்த்தையும்

போன பதிவுல மாட்டுச்சாளை படம் ஒன்னு போட்டிருந்தேன். மாட்டைப் பத்திக் கேப்பீங்கன்னு பார்த்தா, பாதிப் பேரு பின்னாடி தார்ப்பாய்க்குள்ள இருந்து மூக்கை நீட்டிக்கிட்டு நிக்கிற காரைப் பத்திக் கேட்டிருந்தீங்க. சரி, அதையும் எழுதிடறேன். மனசுல ஒரு விஷயம் உறுத்திக்கிட்டும் இருக்கு.

அது எங்க மாமாவோட அம்பாசடர். 1968ல பதிவான மார்க் 2. மாமா 1974ல அதைப் பழசா வாங்கி, பொள்ளாச்சிப் பக்கம் வாடகைக்கு ஓட்டினார். முன்னாடி நீளமான ஒரே சீட்டு, கியர் ஸ்டீயரிங் பக்கத்துல. 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். மாமாவுக்குப் பிள்ளைங்க இல்லை. அவர் காலத்துக்கு அப்புறம் வண்டி எங்க சாளைக்கு வந்துடுச்சு.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி சென்னையில இருந்து ஒரு தம்பி வந்தார். பழைய கார் சேர்க்கிறவர், நல்ல பையன். வண்டியைச் சுத்திச் சுத்திப் பார்த்தார், கீழே படுத்துப் பார்த்தார். நல்ல விலைதான் சொன்னார். எனக்கு போர் மோட்டார் போய், வெளியில கைமாத்து வாங்கியிருந்த நேரம். வாயெல்லாம் பல்லாத்தான் நின்னேன். அப்புறம் சொன்னார்: "அங்கிள், மேல இருக்கிற கேரியர், டேஷ்போர்டு ஃபேன், பின்னாடி திரைத்துணிக் கம்பி இதெல்லாம் ஒரிஜினல் இல்லை. கழட்டி நீங்களே வெச்சுக்குங்க. நான் கம்பெனியில இருந்து வந்த மாதிரியே பண்ணப் போறேன்."

அந்த 'ஒரிஜினல்' தான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் இடிக்குது.

ஒரு வண்டிக்கு அந்தக் காலத்து சாமான் தேடி மாட்டறது நல்ல வேலை. நானே ரெண்டு வருசமா அதுக்குத்தான் அலையறேன். ஆனா எந்த நாளுக்குச் சரியா இருக்கணும்? கம்பெனி கேட்டைத் தாண்டி வந்த நாளுக்கா, இல்லை ரோட்டுல உழைச்ச வருசங்களுக்கா? கம்பெனி நோட்டீஸ்ல கேரியர் இருக்காது, வாஸ்தவம். ஆனா எழுபது, எண்பதுகள்ல எங்க பக்கம் வாடகைக்கு ஓடின அம்பாசடர்ல கேரியர் இல்லாத வண்டியை நான் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு அண்டா அதுல தான் போகும். தக்காளிக்கூடை, பாய், வாழைத்தார் எல்லாம் அதுல தான். ஏசி கிடையாது, அதனால ஃபேன். ராத்திரியில வலி எடுத்த பொம்பளையைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறப்ப மறைப்புக்குத் திரைத்துணி. என் தங்கச்சி பொறந்த அன்னைக்கு அம்மா போனது அந்தத் திரைக்குள்ளதான்.

இதெல்லாம் வேசம் இல்லீங்க. அந்த வண்டியோட வேலை. இந்த வண்டிக்கு அந்தக் காலத்துச் சாமான்னா அதுவும் சேர்த்துத்தான்.

அதுக்காக எதை வேணா மாட்டிட்டு 'பழசு'ன்னு சொல்லலாம்னு நான் சொல்ல வரலை. எனக்கும் கணக்கு உண்டு. முதல் சாட்சி போட்டோ. 1981ல எங்க அக்கா கல்யாண ஆல்பத்துல இந்த வண்டி நாலு படத்துல இருக்கு. கேரியரும் பனிவிளக்கும் வலது ஃபெண்டர்ல உருண்டைக் கண்ணாடியும் தெரியுது. அப்போ அது மூணும் இருக்கலாம். ரெண்டாவது சாட்சி சாமானே. பழைய லூகாஸ் விளக்கு, ஸ்விட்ச் மாதிரிப் பொருள்ல நம்பரும் தேதியும் குத்தி வெச்சிருப்பாங்க. துடைச்சுட்டு வெயில்ல சாய்ச்சுப் பிடிச்சா மாசமும் வருசமும் தெரியும். மூணாவது சாட்சி வண்டியோட உடம்பு. டேஷ்போர்டுக்கு உள்பக்கம் துரு ஏறின பழைய துளை இருந்தா, அங்க ஏதோ இருந்திருக்குன்னு அர்த்தம்.

ஏமாந்தும் இருக்கேன். ஒரு பெரிய ஊர்க் கடையில 'அந்தக் காலத்து வீல் கப்'னு ரெண்டு குடுத்தாங்க. பளபளன்னு இருந்துச்சு. வீட்டுக்கு வந்து நகத்தால தட்டினா டொக்குன்னு பிளாஸ்டிக் சத்தம். இப்ப பையில ஒரு காந்தம் போட்டுக்கிட்டுத்தான் போறேன். பழசு இரும்புத்தகடு, காந்தம் கப்புனு பிடிக்கும்.

மாட்டற வேலையில எனக்கு ரெண்டே ரெண்டு விதி. ஒன்னு, பழைய தகட்டுல புதுத் துளை போடக் கூடாது. கேரியருக்குத் துளையே வேண்டாம். அம்பாசடர் கூரை ஓரத்துல மழைத்தண்ணி வடியற விளிம்பு இருக்கு, கிளாம்ப் அதைத்தான் கவ்வும். அடியில பழைய டயர் ட்யூபை வெட்டி வெச்சா பெயிண்டும் உரியாது, கூரையும் தப்பிக்கும். ரெண்டு, கண்ணுக்குத் தெரியறது பழசா இருக்கட்டும், தெரியாத இடத்துல பத்திரம் புதுசா இருக்கட்டும். பனிவிளக்கு ரெண்டு, 55 வாட் வீதம் மாட்டினா 12 வோல்ட்ல ஒன்பது ஆம்பியருக்கு மேல இழுக்கும். பழைய டைனமோ, வண்டி நின்னு ஓடறப்ப சார்ஜே சரியாத் தராது. அதுக்குத் தனி ஒயர், தனி ஃப்யூஸ், உள்ளே மறைச்சு ஒரு ரிலே. அந்தக் காலத்துத் துணி சுத்தின ஒயரையே போடணும்னு அடம்பிடிச்சா வண்டியே எரிஞ்சு போகும்.

ரேடியோ மாட்டறவங்களுக்கு ஒரு வார்த்தை. பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகள்ல பாட்டரியோட பாசிட்டிவ் பக்கத்தை பாடியில சேர்த்திருக்கிறதும் உண்டு. பார்க்காம டிரான்சிஸ்டர் ரேடியோவை மாத்திக் குடுத்தா போச்சு. எங்க மாமா ரேடியோவுல இலங்கை வானொலி கேட்டுக்கிட்டே ஓட்டுவார். அந்த ரேடியோ இப்ப இல்லை. அந்த இடத்தைக் காலியாவே விட்டிருக்கேன். கிடைக்கற வரைக்கும் காலியா இருக்கட்டும்.

காலியா விடறதுலயும் ஒரு நியாயம் இருக்கு. போன வருசம் எனக்கு ஒரிஜினல் கட்டம் போட்ட கிரில் தேவைப்பட்டுச்சு. மாமா காலத்துலயே லாரி இடிச்சு நசுங்கினது. புரோக்கர் ஒருத்தர் கூட்டிட்டுப் போனார். உடுமலைப் பக்கம் ஒரு தோட்டத்துல அதே மார்க் 2, ஓடற நிலையில. வீட்டுக்காரம்மாவுக்கு அதோட அருமை தெரியலை, எடைக்குப் போட்டாப் போதும்ங்கறாங்க. புரோக்கர் என் காதுல சொல்றார்: "மூக்கை மட்டும் நீங்க எடுத்துக்குங்க, மிச்சத்தை நான் அறுத்துக்கறேன்." என் வண்டிக்கு மூக்கு வைக்க ஒரு நல்ல வண்டியை அறுக்கறதா? அந்தம்மாகிட்ட "அக்கா, இது எடைக்குப் போடற சாமான் இல்லை, முழுசா வாங்க ஆள் வருவாங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். புரோக்கர் இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட பேசறதில்லை. என் வண்டி மூக்கு இன்னும் நசுங்கித்தான் இருக்கு. உத்தரபாராவுல அம்பாசடர் செய்யறதை 2014லயே நிறுத்திட்டாங்க. இருக்கற வண்டி குறையுமே தவிர கூடாது.

சட்டத்தையும் பார்த்தேன். 2021ல மத்திய அரசு பழமையான வண்டிகளுக்குத் தனி விதி கொண்டு வந்துச்சு. முதல்ல பதிவாகி 50 வருசம் தாண்டியிருக்கணும், சேஸி, பாடி, இன்ஜின் இதுல பெரிய மாத்தம் இருக்கக் கூடாதுன்னு சொல்லுது. கிளாம்ப் போட்டு மாட்டின கேரியரும் ரெண்டு ஸ்க்ரூவுல நிக்கிற ஃபேனும் அந்தக் கணக்குல வராதுன்னுதான் எனக்குப் படுது. சட்டமே விட்டுக் குடுக்கறதை நாம ஏன் பிடுங்கணும்?

நகரத்துல இருந்து பழைய வண்டி தேடி ஊருக்கு வர்றவங்ககிட்ட நான் கேக்கறது ஒன்னே ஒன்னுதான். ஸ்பேனரை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் திண்ணையில உக்காருங்க. "இது ஏன் இங்க இருக்கு?"ன்னு வீட்டுல இருக்கற பெரியவங்களைக் கேளுங்க. பதில் கேட்ட பிறகும் கழட்டணும்னு தோணினா கழட்டுங்க. கழட்டினதைக் குப்பையில போடாம டிக்கியில வையுங்க.

அந்தச் சென்னைத் தம்பிகிட்ட இதையேதான் சொன்னேன். விலையில ஐயாயிரம் குறைச்சுக்கங்க தம்பி, ஆனா கேரியரோடும் ஃபேனோடும் தான் வண்டி வெளியே போகும்னேன். யோசிச்சுச் சொல்றேன்னு போனார். இன்னும் போன் வரலை. மோட்டாருக்கு வீட்டுக்காரம்மா வளையல் அடகுக்குப் போயிருக்கு. அவ ஒன்னும் சொல்லலை. நேத்து கேரியர்ல மஞ்சள் மூட்டை ரெண்டைக் காய வெச்சிருந்தா.