தாத்தாவுக்குப் பிடிவாதமா, நோயா?



"தாத்தா வரவர யாரிடமும் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. கூப்பிட்டால் எழுந்து வர அரைமணி நேரம். சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருக்கிறார். எல்லாம் பிடிவாதம்!"

தோட்டத்து வீடுகளிலும் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளிலும் இப்படிப்பட்ட பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. கூடவே கையும் நடுங்கினால், "வயசாகிப் போச்சு" என்று விட்டுவிடுகிறோம். செய்வினை என்று சொல்லிக் கயிறு கட்ட ஓடுகிறவர்களும் உண்டு. ஆனால், இது நடுக்குவாதம் என்னும் நோயாக இருக்கலாம். மருத்துவர்கள் இதைப் பார்க்கின்சன் நோய் என்பார்கள்.

1817ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர்களுள் சிலரை அவர் தெருவில் கண்டுதான் நோயைக் குறித்துக்கொண்டார். அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. காரணம் தெரிய மட்டும் இன்னும் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

காரணம் என்ன? காலைப் பெரட்டை நினைத்துப் பாருங்கள். இன்றைக்கு என்ன வேலை என்பதை அலுவலகம் முடிவு செய்கிறது. மண்டோர் வந்து சொன்னால்தான் ஆட்கள் நகர்வார்கள். மண்டோர்களில் பாதிப்பேர் வராத நாளில் என்ன ஆகும்? ஆட்களுக்குக் கைகால் உண்டு, வேலை செய்ய மனமும் உண்டு. ஆனாலும் சொல் வந்து சேராததால் நின்றுகொண்டே இருப்பார்கள்.

நம் மூளையில் அந்த மண்டோர் வேலையைச் செய்யும் பொருள்களில் ஒன்றுதான் டோபமின். மூளையின் அடிப்பாகத்தில் கறுப்பாகத் தெரியும் ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள உயிரணுக்கள் டோபமினைச் சுரந்து, அசைவுகளைத் தொடங்கவும் சீராக நடத்தவும் உதவுகின்றன. இந்த உயிரணுக்கள் சிறிது சிறிதாக அழிவதே இந்நோய். நோய் வெளியே தெரியும்போது அவற்றில் ஏறத்தாழப் பாதியோ, அதற்கு மேலோ போய்விட்டிருக்கும்.

எழுந்திருக்க வேண்டும் என்று தாத்தா நினைக்கிறார். அந்தச் சொல் காலுக்குச் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. பேரப்பிள்ளையைக் கண்டு மகிழ்கிறார். சிரிப்பு முகத்துக்கு வருவதில்லை. மனச்சோர்வும் பலருக்கு இந்நோயோடு சேர்ந்தே வரும். இதையா பிடிவாதம் என்பது?

1957ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரிசர்பின் என்ற மருந்தைக் கொடுத்தார். அது சர்ப்பகந்தி வேரில் உள்ள பொருள். முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. பிறகு, உடலில் டோபமினாக மாறும் டோபாவை ஊசி வழியாகக் கொடுத்தார். கிடந்த முயல்கள் எழுந்து நடமாடின! 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

1960ஆம் ஆண்டில் வியன்னாவில் ஓலே ஹார்னிகிவிச், இந்நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமின் மிகவும் குறைந்திருப்பதைக் காட்டினார். அடுத்த ஆண்டே அங்கே நோயாளிகளுக்கு லெவோடோபா ஊசி போடப்பட்டது. எழ முடியாமல் கிடந்தவர்கள் எழுந்தார்கள். டோபமினையே கொடுத்தால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. லெவோடோபா நுழையும்; உள்ளே போய் டோபமினாக மாறும். இன்று மடோபார், சினமெட் என்ற பெயர்களில் கொடுக்கும் மாத்திரைகளில் இருப்பது இதுதான்.

இம்மருந்து நோயை வேரறுப்பதில்லை. ஆனால் நடக்கவும், உண்ணவும், உடுத்தவும் பல ஆண்டுகள் துணை நிற்கும். அதற்கு வீட்டார் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

மாத்திரையை மருத்துவர் சொன்ன நேரத்தில் தவறாமல் கொடுங்கள். பொதுவாகச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு கொடுப்பது நல்லது. இறைச்சி, மீன், முட்டை, பருப்பு ஆகியவற்றின் புரதம் மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். "சுகமாகிவிட்டது" என்றோ, தீர்ந்துவிட்டது என்றோ திடீரென நிறுத்தாதீர்கள். அது உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்திக்குக் கொடுக்கும் சில மருந்துகள் டோபமினின் வேலையைத் தடுத்து நோயை மோசமாக்கும். ஆகவே எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் இந்நோய் இருப்பதை முதலில் சொல்லுங்கள். பூனைக்காலி விதையிலும் லெவோடோபா உண்டு. அதற்காக அதை இடித்துக் கொடுக்காதீர்கள். அதன் அளவு விதைக்கு விதை மாறும். மாத்திரையோடு சேர்ந்தால் மிகையாகும்.

நடக்கும்போது கால் தரையில் ஒட்டியதுபோல் நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். "ஒன்று, இரண்டு" என்று எண்ணிக் கொடுங்கள். தரையில் ஒரு கோடு போட்டு அதைத் தாண்டச் சொன்னாலும் பலருக்குக் கால் எழும்.

தோட்டத்து மக்கள் அறிய வேண்டிய வேறொன்றும் உண்டு. புல்லுக்கு அடிக்கும் பாராகுவாட் மருந்தோடு நெடுநாள் பழகியவர்களிடம் இந்நோய் கூடுதலாகக் காணப்படுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. மலேசியாவில் 2020ஆம் ஆண்டு முதல் அந்த மருந்துக்குத் தடை. ஆயினும், முன்பு ஆண்டுக்கணக்கில் தோம்பைச் சுமந்து மருந்தடித்த அம்மாமார்கள் பலர் இன்று முதுமையில் இருக்கிறார்கள். மருந்தடித்தவர்கள் எல்லாருக்கும் நோய் வரும் என்பதில்லை. ஆனால், அந்த வேலை செய்தவர் மருத்துவரிடம் போகும்போது அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சும்மா மடியில் வைத்திருக்கும் கை நடுங்குகிறதா? நடையில் ஒரு கை வீசாமல் தொங்குகிறதா? கையெழுத்து சிறுத்துப் போகிறதா? உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். நடுக்கமே இல்லாமல் உடல் மந்தமாவதும் இந்நோயாக இருக்கலாம்.

நம்மைத் தூக்கி வளர்த்த கை அது. இன்று ஒரு பொத்தானைப் போட அதற்கு ஐந்து நிமிடம் ஆனால், பக்கத்தில் உட்கார்ந்து காத்திருப்போம். ஏச்சுக்கு அந்தக் கை அசையாது. மருந்துக்கும் பொறுமைக்கும் அசையும்.