அந்தப் பாறையில என் இன்ஷியல்!

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைத் தூக்கத்தைத் தியாகம் பண்ண ரெடியா? ஒரு மலை சொல்றேன்.

எங்க ஊர் சமயநல்லூர். நாகமலைக்கு இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் கீழக்குயில்குடி சமணர் மலை. கொடைக்கானல் ரேஞ்சுக்குக் கற்பனை பண்ணாதீங்க. இட்லியைக் கவிழ்த்து வெச்ச மாதிரி மொழுமொழுன்னு மொட்டைப் பாறை, அவ்வளவுதான். அடிவாரத்தில் தாமரைக் குளம், அய்யனார் கோயில். ஆறு மணிக்கே ஏறிடுங்க. ஒன்பதைத் தாண்டினா பாறை தோசைக்கல்! காலையில காத்துச் சத்தம் மட்டும்தான். செல்போனைக்கூட எடுக்கத் தோணாது.

வழியில பேச்சிப்பள்ளம். வரிசையா எட்டுச் சிற்பங்கள். மகாவீரர், தலைக்கு மேல பாம்போட பார்சுவநாதர், பாகுபலி... எல்லாம் 9, 10-ம் நூற்றாண்டுக்காரங்க. கீழே வட்டெழுத்து. படிக்கத் தெரியாதேன்னு முதல் தடவை நானும் தாண்டித்தான் போனேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அதுல ஒண்ணு அச்சணந்திங்கற சமணத் துறவியோட அம்மா குணமதியார் செய்வித்த திருமேனி. பையன் எல்லாத்தையும் துறந்துட்டுப் போயிட்டார், அம்மா பேரு கல்லுல நிக்குது. எங்க அம்மாகிட்ட இதைச் சொன்னா, "நீ ஹாஸ்டல்லேர்ந்து வாரம் ஒரு போன் பண்ணு, போதும்"ங்கறாங்க.

இப்ப ஒரு பாவமன்னிப்பு. ஃபர்ஸ்ட் இயர் லீவுல நண்பர்களோட ஏறினப்ப, காம்பஸால உச்சிக்குக் கொஞ்சம் கீழே என் இன்ஷியலைக் கீறினேன். பக்கத்துல இன்னொரு எழுத்தும். (அந்த எழுத்துக்கு இன்னிக்கு வரைக்கும் விஷயம் தெரியாது!) அது தொல்லியல் துறையோட பாதுகாக்கப்பட்ட இடம். 2010-ல திருத்தின சட்டப்படி சின்னங்களைச் சேதப்படுத்தினா ரெண்டு வருஷம் வரை ஜெயில், இல்லேன்னா ஒரு லட்சம் வரை அபராதம், ரெண்டும் சேர்த்தும் கிடைக்கலாம். அப்ப எனக்கு அரியர் பத்தி மட்டும்தான் பயம்.

போன லீவுல எட்டாவது படிக்கற சித்தி பையனைக் கூட்டிட்டுப் போனேன்.

"அண்ணே, இது உன் கையெழுத்துதானே? பரீட்சை அட்டையிலயும் இப்படித்தான் போடுவ!"

சொல்லிட்டுக் குனிஞ்சு கூர்க்கல் தேடினான். புடுங்கிக் கீழே போட்டேன்.

"உனக்கு மட்டும் ஓகேவா?"

தேய்ச்சு அழிக்கலாமான்னு கேட்டான். தேய்ச்சா பாறைக்கு இன்னொரு காயம்டான்னேன். ரெண்டு பேரும் பேசாம இறங்கினோம். பேச்சிப்பள்ளத்துல குணமதியார் கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் எழுத்தையும் சிலையையும் மாத்தி மாத்திப் பார்த்தான்.

"ஓ... சாமியைச் செஞ்சு குடுத்துட்டுத்தான் பேரு போட்டாங்களாண்ணே?"

நான் தண்ணி பாட்டிலைத் தேட ஆரம்பிச்சேன்.