பின்னங்கால் இழுக்கும் நாய்

திருவண்ணாமலையில் செங்கம் சாலையோரம் அமைந்துள்ள ரமணாசிரமத்தைக் காண வருவோர், உள்ளே சில சிறிய சமாதிகளைக் கண்டு வியப்பதுண்டு. 1948-ம் ஆண்டு மறைந்த லட்சுமி என்ற பசு, வள்ளி என்ற மான், ஒரு காகம், ஜாக்கி என்ற நாய் இவற்றின் சமாதிகள் அவை. 1950-ல் மறைந்த ரமண மகரிஷி ஆசிரமத்து நாய்களை 'அது' என்று குறிப்பிடுவதில்லை. 'அவன்', 'அவள்' என்றே சொல்வார். மனிதர்களுக்கு முன்னால் அவற்றுக்குச் சோறு வைக்கச் செய்வார் என்பதும் அன்பர்கள் எழுதி வைத்துள்ள செய்தி.

அதே சாலையில் இன்று ஓடும் பஸ்களுக்கும் கார்களுக்கும் இந்த வேறுபாடெல்லாம் தெரியாது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் ஒரு பகுதியும் இதுவேதான். இரவில் தார்ச்சாலையின் சூட்டுக்காக ஓரத்தில் படுக்கும் நாய் வண்டியில் அடிபடுகிறது. காலையில் பின்னுடலைத் தரையில் இழுத்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் வருகிறது. சூழ நிற்பவர்கள் இரண்டு தீர்ப்புகளில் ஒன்றைச் சொல்வார்கள். "இடுப்பு போய்விட்டது, இனி அவ்வளவுதான்" என்பது ஒன்று. "கிடக்கட்டும், நாலு நாளில் எழுந்துவிடும்" என்பது மற்றொன்று. இரண்டும் தவறாக இருக்கலாம். அடிபட்டதை யாரும் கண்ணால் பார்க்காதபோது மூன்றாவது சாத்தியம் ஒன்று உண்டு, அதுதான் ஆபத்தானது. அதைப் பின்னால் பார்ப்போம்.

தெருநாய்ப் பிரச்னை 2025-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று ஆகஸ்டு 22-ந் தேதி உத்தரவாயிற்று. பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடித்தவற்றைக் காப்பகத்தில் வைக்க வேண்டும் என்று நவம்பர் 7-ந் தேதி மற்றொரு உத்தரவு வந்தது. வாதப் பிரதிவாதங்கள் எல்லாம் நாய்களின் எண்ணிக்கையையும் கடியையும் பற்றியே நடந்தன. காப்பகத்துக்கு வரும் நாய்களில் நடக்க இயலாதவையும் இருக்கும், அவற்றை யார் சோதித்துப் பார்ப்பது என்ற கேள்வி அதிகம் எழவில்லை.

கையும் சுத்தியலும்

இந்தச் சோதனைக்குப் பெரிய இயந்திரம் வேண்டும் என்று எண்ண வேண்டாம். கால்நடை டாக்டரின் கை, ஒரு சிறு சுத்தியல், ஓர் இடுக்கி. முதல் கட்டத்துக்கு இவை போதும். நாயின் கழுத்தில் 7 எலும்புகள், மார்புப் பகுதியில் 13, இடுப்பில் 7, அதன் கீழே ஒன்றாய் ஒட்டிய 3. இவற்றின் நடுவே ஓடும் தண்டுவடத்தில் பழுது எங்கே என்பதைக் கால்களே சொல்லிவிடும். நான்கு கால்களும் தள்ளாடினால் பெரும்பாலும் கோளாறு கழுத்தில். முன்னங்கால் நன்றாயிருந்து பின்னங்கால் மட்டும் விழுந்தால் தோளுக்குப் பின்னால்.

பிறகு முழங்காலின் கீழ் லேசாகத் தட்டுவார்கள். கால் உதறும். அந்த உதறலுக்கான கேந்திரம் இடுப்புப் பகுதித் தண்டுவடத்தில் இருக்கிறது; மூளை அதை அடக்கி வைத்திருக்கிறது. மேலே பாதை அறுந்தால் அடக்க ஆளில்லாமல் உதறல் பலமாகும். கேந்திரமே நசுங்கியிருந்தால் கால் துணி போலத் தொங்கும். நடு முதுகில் திடீரென அடிபட்ட சில நாய்களுக்கு முன்னங்கால்கள் கட்டை போல விறைத்துக்கொள்ளும். பார்க்கப் பயங்கரமாய் இருக்கும். ஆனால் அதை மட்டும் வைத்துப் பிழைக்காது என்று முடிவு கட்டக்கூடாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது விரலை இடுக்கியால் அழுத்திப் பார்ப்பது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அழுத்தியதும் நாய் காலை இழுத்துக்கொண்டால் "உணர்ச்சி இருக்கிறது" என்று மகிழ்ந்துவிடுகிறார்கள். கால் மடங்குவதற்கு மூளையின் தயவு தேவையில்லை. நாய் திரும்பிப் பார்க்க வேண்டும், கத்த வேண்டும், கடிக்க வர வேண்டும். அப்போதுதான் செய்தி தலைக்குப் போயிற்று என்று பொருள். அந்த வலி தெரியும் நாய்க்கு மறுபடி நடக்க நல்ல வாய்ப்பு உண்டு. வண்டி மோதி முதுகெலும்பு முறிந்து, வலியும் தெரியாமற்போன நாய்க்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி வலியுணர்வு போயிருந்தால், தாமதியாமல் அறுவை செய்தவற்றில் ஏறக்குறையப் பாதி தேறுகின்றன. நீண்ட முதுகும் குட்டைக் கால்களும் கொண்ட டாக்ஸண்ட் ஜாதிக்கு இந்த வட்டுக் கோளாறு அதிகம்.

வயதான அல்சேஷன் நாய் வலியே இல்லாமல், மாதக் கணக்கில் சிறிது சிறிதாகப் பின்னங்கால் தளர்வது வேறு வியாதி. அதற்குக் காரணமான பரம்பரைக் குறை 2009-ல் கண்டுபிடிக்கப்பட்டது. தடுப்பூசி போடாத குட்டிகளுக்கு வரும் டிஸ்டெம்பர் நோயில் தூக்கத்திலும் தசை துடிக்கும். பூனை திடீரென அலறி, பின்னங்கால்கள் சில்லென்று ஆகி, பாதம் நீலம் பாரித்தால் அது முதுகுக் கோளாறே அன்று. இதயத்திலிருந்து வந்த ரத்தக்கட்டி கால்களுக்கான குழாயை அடைத்துவிட்டது. வலிக்கிறதே என்று இரக்கப்பட்டுப் பூனைக்குப் பாராசிட்டமால் கொடுப்பவர்களும் உண்டு. அது பூனைக்கு விஷம்.

எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும், தண்டுவடத்தைக் காட்டாது. எக்ஸ்ரே நன்றாயிருக்கிறது என்பதால் தண்டுவடமும் நன்றாயிருக்கிறது என்று ஆகாது. எம்.ஆர்.ஐ. படம் எடுக்கப் பெரிய நகரத்துக்குப் போக வேண்டும், மயக்க மருந்து கொடுக்க வேண்டும், பணமும் வேண்டும். கிரிவலப் பாதை நாய்க்கு அது நடக்கிற காரியமன்று.

மூன்றாவது சாத்தியம்

வெறிநோய் என்றால் ஓடி ஓடிக் கடிக்கும் நாய்தான் நினைவுக்கு வரும். சாதுவான வகை ஒன்றும் உண்டு. காயம் ஏதும் இல்லாமல் கால்கள் தளரும், நாளுக்கு நாள் தளர்ச்சி பரவும், தாடை தொங்கி எச்சில் வடியும், குரல் மாறும். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று எண்ணி வாய்க்குள் கை விடுகிறார் ஒரு புண்ணியவான். நாய் பெரும்பாலும் பத்து நாளுக்குள் இறந்துவிடும். உறுதி செய்வது இறந்த பின் மூளையைச் சோதித்துத்தான். மனிதருக்கு இந்நோய் கண்டபின் மருந்தில்லை.

ஆகவே, தெரியாத நாயை வெறுங்கையால் தூக்கலாகாது. முதுகொடிந்த நாயும் வலியில் கடிக்கும். மூச்சுத் திணறலோ வாந்தியோ இல்லையென்றால் வாயைத் துணியால் கட்டி, பலகையில் நகர்த்தி ஏற்ற வேண்டும். கடி பட்டாலோ, காயத்தில் எச்சில் பட்டாலோ, சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடும் நீரில் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாய்களுக்குத் தொண்டு செய்வதையே வழக்கமாகக் கொண்டவர்கள் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது.

நோய் தண்டுவடத்தில்தான் என்று தெரிந்த பின் வருவது பராமரிப்பு. சிறுநீர்ப்பை நிறைந்து வழிவதைப் பார்த்து "தானாகவே போகிறது" என்று விட்டுவிடுகிறார்கள். அது போவதன்று, வழிவது. நாளைக்கு மூன்று நான்கு தடவை கையால் அழுத்தி வெளியேற்ற வேண்டும். இல்லையேல் கிருமி புகுந்து சிறுநீரகம் கெடும். படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போட வேண்டும். பத்து நாய் உள்ள காப்பகத்தில் சிறுநீருக்கு மட்டும் நாளைக்கு நாற்பது தடவை ஒருவர் குனிந்து எழ வேண்டும். புதிய காப்பகங்களுக்கு இடம் தேடும் நகராட்சிகள் இதற்கு ஆளும் தேட வேண்டியிருக்கும்.